சூடு யார் வீட்டிலிருந்து போகிறது?

எங்கள் தெருமுனை ஃபாஸ்ட் ஃபுட் கடையில் பார்சலுக்கு நிற்பவர்கள் எல்லோரும் வாணலியைப் பார்ப்பார்கள். மாஸ்டர் அதைத் தூக்கிக் குலுக்குவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். என் கண் போவது கீழே, அடுப்பு மேடைக்கு அடியில் நிற்கும் 19 கிலோ நீலச் சிலிண்டருக்கு. கடை சூடு பிடித்த கொஞ்ச நேரத்தில் அதன் உடம்பு வேர்க்க ஆரம்பிக்கும். மேல்பாதி காய்ந்து கிடக்கும், கீழ்ப்பாதியில் முத்து முத்தாகத் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக் கூட்டம் என்றால் அந்தத் தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே வெள்ளையாகப் பனியே பூத்துவிடும். மேலே தீ சீறிக்கொண்டிருக்கிறது, மூன்றடி கீழே பனி. தண்டையார்பேட்டையில், மே மாதத்தில்.

தீ இளைத்தால் மாஸ்டர் பையனைப் பார்த்துக் கத்துவார். "டேய், வெந்நி ஊத்துரா அதுல!" பையன் ஒரு மக் வெந்நீரைச் சிலிண்டரின் மேல் கவிழ்ப்பான். தீ மறுபடி நிமிரும். கேஸ் தீர்ந்துபோகவில்லை, ஆவியாக மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது என்பது அந்தப் பையனுக்குத் தெரியும். அவனைப் பள்ளிக்கூடத்தில் உள்ளுறை வெப்பம் (டிகிரி ஏறாமல், நிலை மாறுவதற்கு மட்டும் செலவாகும் சூடு) பற்றிக் கேட்டால் முழிப்பானோ என்னவோ, கையில் மக் இருக்கும்போது சரியாகச் செய்கிறான்.

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். புரொப்பேனும் பியூட்டேனும் கலந்து, அழுத்தத்தில் திரவமாக அடைத்து வைத்திருக்கிறார்கள். சாதாரணக் காற்றழுத்தத்தில் புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும், பியூட்டேன் ஏறக்குறைய பூஜ்ஜியத்தில். ஆகவே ரெகுலேட்டரைத் திறந்தவுடன் உள்ளே நடப்பது கொதிப்புதான். கொதிக்கச் சூடு வேண்டும். அடுப்பின் சூடு அங்கே வருவதில்லை. அதனால் திரவம் தன்னிடம் இருக்கும் சூட்டையே எடுத்துச் செலவழிக்கிறது, அப்புறம் இரும்பிடமிருந்து பிடுங்குகிறது, அப்புறம் வெளிக் காற்றிடமிருந்து. இரும்பு குளிர்ந்ததும் காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிகிறது. திரவம் எந்த மட்டம் வரை நிற்கிறதோ அந்த மட்டம் வரைதான் வேர்வை. சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று தூக்கிக் குலுக்கிப் பார்க்க வேண்டியதே இல்லை, கோட்டைப் பார்த்தால் போதும்.

ஒரு கிலோ கேஸ் ஆவியாக எடுத்துக்கொள்ளும் சூடு, ஒரு கிலோ ஐஸ் உருக எடுக்கும் சூட்டுக்கு ஏறக்குறைய சமம். அதாவது அந்தக் கடை ஒரு ராத்திரியில் ஐந்து கிலோ கேஸ் எரித்தால், ஐந்து கிலோ ஐஸை மேடைக்கு அடியில் உருக்கிய குளிர்ச்சி அங்கே உண்டாகி, யாருக்கும் பயன்படாமல் போகிறது. இன்னொரு விசேஷம், சிலிண்டர் மேல் தண்ணீர் படியும்போது அந்த நீராவி தன்னிடமிருந்த சூட்டை இரும்புக்குக் கொடுத்துவிட்டுத்தான் திரவமாகிறது. ஊரே திட்டும் சென்னையின் ஈரக் காற்று, சிலிண்டரைப் பொறுத்தவரை தானாக ஊற்றப்படும் வெந்நீர். (சில கடைகளில் சிலிண்டரைப் படுக்கப் போடுவார்கள். செய்யாதீர்கள். ஆவி வரவேண்டிய குழாயில் திரவமே வந்துவிடும். திரவம் ஆவியானால் சுமார் 250 மடங்கு விரியும், அடுப்பில் அது எப்படி எரியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.)

திடமோ திரவமோ வாயுவாக மாறுவதைப் பாடப்புத்தகம் துகள்களின் படம் போட்டுச் சொல்லும். நெருக்கமான புள்ளிகள், கொஞ்சம் விலகிய புள்ளிகள், சிதறிய புள்ளிகள். படம் சரிதான். ஆனால் அந்தப் படத்தில் விலை எழுதியிருக்காது. துகள்கள் ஒன்றையொன்று பிடித்து வைத்திருக்கின்றன. பிடியை விடுவிக்க ஆற்றல் தேவை. ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி. அந்தத் தண்ணீர் பூஜ்ஜியத்திலிருந்து நூறு டிகிரிக்குப் போக 100 கலோரி. நூறு டிகிரித் தண்ணீர் நூறு டிகிரி ஆவியாக மட்டும் 540 கலோரி. டிகிரி ஒன்றுகூட ஏறவில்லை, செலவு மட்டும் மலை போல. உருகும்போது துகள்கள் பிடியைத் தளர்த்தினால் போதும். ஆவியாகும்போது முழுக்க அறுத்துக்கொண்டு, வெளிக் காற்றையும் நெட்டித் தள்ளி இடம் பிடிக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்து முடிந்தால் சுமார் 1,700 லிட்டர் நீராவி. ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் இந்த மறைந்துபோகும் சூட்டை 1760-களில் அளந்து காட்டினார். அதற்கு முன்பு வரை தெர்மாமீட்டர் ஏறாவிட்டால் சூடு சேரவில்லை என்றுதான் நினைத்திருந்தார்கள்.

கொதிக்காமலும் ஆவியாகும். மேற்பரப்பில் வேகமாக ஓடும் துகள் தப்பித்துப் போகும், மெதுவானவை தங்கிவிடும், மிச்சமிருக்கும் திரவம் குளிரும். வண்ணாரப்பேட்டை என்ற ஊர் உண்டானதே இந்த வேலையால்தான். கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளைத் துவைத்து, வெளுத்து, காயவைத்தவர்கள் குடியிருந்த இடம். தண்ணீரும் வெயிலும் வெட்டவெளியும் வேண்டும். மூன்றாவது இல்லாததால்தான் இன்றைக்கு அங்கே மொட்டை மாடிக் கொடியில் துணி ஒன்றின்மேல் ஒன்று கிடக்கிறது.

துணி காய்வதும் உடம்பு வேர்ப்பதும் ஒரே கதை. தோலின் சூட்டில் ஒரு கிராம் வேர்வை ஆவியானால் சுமார் 580 கலோரி உடம்பிலிருந்து போகும். ஆவியானால்தான். வழிந்து சட்டைக்குள் இறங்கினால் ஒன்றும் போகாது. கத்திரி வெயிலில் மேற்கிலிருந்து அனல் காற்று அடிக்கும் நாளில் நாற்பது டிகிரி இருந்தாலும் வேர்வை தெரியாது, உதடு வெடிக்கும், மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். கடல்காற்று உள்ளே வந்ததும் டிகிரி இறங்கும், புழுக்கம் ஏறும். 35 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 40 கிராம் நீராவிக்கு மேல் தாங்காது. கடல்காற்று அதில் பெரும்பகுதியை ஏற்கெனவே சுமந்துகொண்டு வருகிறது. நம் வேர்வைக்கு அங்கே இடமில்லை. காசிமேட்டில் மீன் கூடை தூக்குகிறவர்களைக் காலை எட்டு மணிக்குப் பார்த்தால் தெரியும், கடலில் குளித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி நனைந்திருப்பார்கள். வானிலை அறிக்கையில் டிகிரியைப் பெரிய எழுத்திலும் ஈரப்பதத்தைச் சின்ன எழுத்திலும் போடுகிறார்கள். இந்த ஊருக்கு அதைத் தலைகீழாகப் போட வேண்டும்.

கருவாடு போடுகிறவர்களுக்கும் இதே பிரச்சினை வேறு விதத்தில். "ரொம்ப வெயில்ல போட்டா மேல காஞ்சிரும் கண்ணு, உள்ள ஈரம் நின்னு கெட்டுப் பூடும்" என்பார் எங்கள் பக்கத்து வீட்டு ஆயா. மேல்தோல் இறுகிவிட்டால் உள்ளே இருக்கும் தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. நெத்திலிக்கு இந்தக் கவலை குறைவு, சன்னமான மீன். சுறாவைக் கீறி உப்பு திணிக்காமல் காயவைக்க முடியாது.

சரி, ஐஸுக்கு வருவோம். என் சித்தப்பா காசிமேட்டுப் பக்கம் ஓர் ஐஸ் ஃபேக்டரியில் கம்ப்ரஸர் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வேலை எனக்கு. உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறும் அந்த நெடியை ஐஸின் வாசனை என்றுதான் நினைத்திருந்தேன். அது அம்மோனியா.

பெரிய தொட்டி, அதற்கு மேல் மரப்பலகை மூடிகள். தொட்டியில் உப்புத் தண்ணீர், பூஜ்ஜியத்துக்குப் பத்து டிகிரி கீழே போனாலும் உறையாத அளவுக்கு உப்பு. அதில் தகர டப்பாக்களில் நல்ல தண்ணீர் தொங்கும். உப்புத் தண்ணீருக்குள்ளே ஓடும் குழாய்களில் திரவ அம்மோனியா ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆவியாக ஒரு கிராமுக்கு 300 கலோரிக்கு மேல் வேண்டும். அதை உப்புத் தண்ணீர் கொடுக்கும். உப்புத் தண்ணீர் அதை டப்பாவிலிருக்கும் நல்ல தண்ணீரிடம் வசூலிக்கும். முப்பது டிகிரித் தண்ணீர் ஒரு கிலோ ஐஸாக வேண்டுமானால் அதனிடமிருந்து 110 கிலோகலோரியாவது போக வேண்டும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிலோ அம்மோனியா ஆவியாக வேண்டும். அதே அம்மோனியாதான், சுற்றிச் சுற்றி வந்து வேலை செய்யும்.

ஆவியான அம்மோனியாவைக் கம்ப்ரஸர் உறிஞ்சி அழுத்தும். காற்றழுத்தத்தைப் போல பதினைந்து மடங்குக்கு நெருக்கினால், மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும் சரக்கு 40 டிகிரியிலேயே திரவமாகிவிடும். நம் ஊர் வெயிலே அதற்குக் குளிர்ச்சியாகத் தெரியும் அளவுக்கு அதைச் சூடாக்கிவிடுகிறார்கள், அவ்வளவுதான் தந்திரம். மாடியில் குழாய் வரிசைகளின் மேல் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். குழாய்க்குள் அம்மோனியா திரவமாகிச் சூட்டைக் கக்கும், வெளியே வழியும் தண்ணீரில் கொஞ்சம் ஆவியாகி அந்தச் சூட்டைக் காற்றுக்குக் கொண்டுபோகும்.

"ஐஸு எங்கருந்து வருது சித்தப்பா?" என்று கேட்டதற்கு என்னை மாடிக்குக் கூட்டிப்போய், "கைய வச்சுப் பாரு" என்றார். மேலே இருந்த குழாய் தொட முடியாத சூடு. கீழே போகப் போக வெதுவெதுப்பு. அடியில் இருந்த குழாய் தண்ணீரின் சூட்டுக்கு வந்திருந்தது. "கீழ தண்ணியில இருந்த சூடு இது. இத வெளிய தள்ளத்தான் இவ்ளோ கரண்டு." அதற்கு மேல் அவர் விளக்கவில்லை, பீடி பற்றவைத்துக்கொண்டார்.

கசிவு பார்க்கும் விதத்தையும் அங்கேதான் பார்த்தேன். கந்தகம் தோய்த்த திரியைக் கொளுத்திக் குழாய் இணைப்புகளின் ஓரமாகக் கொண்டுபோவார். அம்மோனியா கசிகிற இடத்தில் மட்டும் அடர்த்தியாக வெள்ளைப் புகை கிளம்பும். இரண்டு வாயுக்கள் சந்தித்துத் திடப்பொடியாக மாறுகின்றன. ஆவி திரும்பவும் திடமாவதைக் கண்ணால் பார்த்த முதல் தடவை அது.

ஆக, காசிமேட்டில் ஐஸ் போட்ட வஞ்சிரத்தின் சூடு ஐஸுக்குப் போகிறது. அந்த ஐஸை உண்டாக்க எடுத்த சூடோ அம்மோனியா வழியாக மாடிக்கு ஏறி, நீராவியாகி, ஏற்கெனவே இடமில்லாத காற்றில் போய்ச் சேர்ந்திருக்கிறது. கீழே கூடை தூக்குகிறவரின் வேர்வை காயாமல் இருப்பதில் இந்த ஐஸ் ஃபேக்டரிக்கும் துளியூண்டு பங்கு உண்டு.

இந்த அம்மோனியாதான் 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்து மக்களைத் தெருவில் ஓட வைத்தது. கப்பலிலிருந்து ஓர் உர ஆலைக்குக் கடலுக்கடியில் போகும் குழாயில் கசிவு. கரையோரத்தில் கடல் நீர் குமிழியிட்டது. கண்ணெரிச்சல், மூச்சுத் திணறல் என்று பலர் ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தார்கள். செய்திகளில் 'கேஸ் கசிவு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அடுப்பு கேஸ் போலத் தீப்பிடிக்குமா என்றுதான் என்னிடம் நிறையப் பேர் கேட்டார்கள். அங்கே தீயே தேவைப்படவில்லை. மைனஸ் 33-க்கு மேல் எந்தச் சூடு கிடைத்தாலும் திரவ அம்மோனியா கொதிக்கும். வங்கக் கடல் டிசம்பரிலும் 27 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். அறுபது டிகிரி வித்தியாசம். அம்மோனியாவுக்கு அந்தக் கடல் முழுக்க ஓர் அடுப்பு. ஒரு லிட்டர் திரவம் 800 லிட்டருக்கு மேல் வாயுவாக விரியும். ஒரே நல்ல விஷயம், அது தண்ணீரில் ஆசையாகக் கரையும். பெரும்பகுதியைக் கடலே குடித்துவிடும். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு வெளியேறச் சொல்வதும் அதனால்தான். கரைந்தது மீனுக்கு விஷம் என்பது வேறு கணக்கு. குழாய் போட அனுமதி கொடுக்கும் காகிதங்கள் தமிழில் அந்தக் குப்பத்துச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால், இந்த ஈரத்துணிச் சங்கதியாவது ஊருக்கு முன்னாடியே தெரிந்திருக்கும்.

அதே மாதம், மூன்று வாரம் முன்னால், மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகு, வலை, கண்டல் செடி எல்லாவற்றிலும் கறுப்புப் பூச்சு. மீனவர்கள் மக்கிலும் பக்கெட்டிலும் வாரினார்கள். 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் பக்கெட்தான். தண்ணீரில் மிதக்கும் எண்ணெயில் லேசான பகுதி முதல் ஒன்றிரண்டு நாளிலேயே ஆவியாகிவிடும், தலைவலி கொடுக்கும் அந்த வாடை அதுதான். கனமான பகுதி போகாது. எத்தனை வெயில் அடித்தாலும் தாராகக் கெட்டிப்பட்டுக் கல்லில் ஒட்டிக்கொள்ளும். ஒரே டிசம்பரில் எண்ணூருக்கு ஆவியாகிற சரக்கும் வந்தது, ஆவியாகாத சரக்கும் வந்தது. இரண்டாவது இன்னும் சேற்றுக்குள் கிடக்கிறது என்கிறார்கள் நண்டு பிடிக்கிறவர்கள்.

அந்தக் கனமான பகுதியை ஆவியாக்குவது மணலிக்கே பெரிய பாடு. 1969-ல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் கொள்ளளவோடு ஓட ஆரம்பித்த சுத்திகரிப்பு ஆலை அது. கச்சா எண்ணெயை 350 டிகிரிக்கு மேல் காய்ச்சிக் கோபுரத்துக்குள் விடுவார்கள். ஆவியாகி மேலே போனது போன இடத்துக்கு ஏற்ப நாப்தா, மண்ணெண்ணெய், டீசல் என்று படியும். அடியில் தங்குவதை இன்னும் சூடாக்கினால் ஆவியாவதற்கு முன்பே துகள் உடைந்து கரியாகிவிடும். அதனால் சூட்டை ஏற்றாமல், அடுத்த கோபுரத்தில் காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். நெட்டித் தள்ள வேண்டிய காற்று இல்லாததால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஊட்டியில் பருப்பு வேகாததும் இதே காரணத்தால். அங்கே தண்ணீர் 93 டிகிரிக்கு உள்ளேயே கொதித்துவிடும்.

திடப்பொருள் நேரடியாக வாயுவாவதைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. கற்பூரம், அந்துருண்டை, அயோடின் மூன்றும் 'உருகாமல் ஆவியாகும்' என்று தலைமுறை தலைமுறையாக எழுதி மார்க் வாங்குகிறோம். மூன்றும் உருகும். அந்துருண்டை 80 டிகிரியில், அயோடின் 114-ல், கற்பூரம் 175-ஐத் தாண்டி. திருவொற்றியூர் வடிவுடையம்மன் சந்நிதியில் தட்டில் எரியும் கற்பூரத்தை உற்றுப் பார்த்தால் அடியில் ஈரமாகப் பளபளக்கும். எரிவது கட்டி அல்ல, அதிலிருந்து கிளம்பும் ஆவி. உருகுவதற்கு முன்பே, சாதாரணச் சூட்டிலேயே நிறைய ஆவியாகும் என்பதுதான் இவற்றின் குணம். டப்பாவில் நாலு மிளகு போட்டு வைத்தால் கற்பூரம் கரையாது என்று அம்மா போட்டு வைப்பார். மிளகுக்கு இதில் என்ன வேலை என்று எனக்குப் புரிந்ததில்லை. மூடி இறுக்கமாக இருந்தால் உள்ளே ஆவி நிறைந்து, போவதும் படிவதும் சமமாகி நின்றுவிடும்.

உண்மையிலேயே உருகத் தெரியாதது உலர் பனிக்கட்டி, கார்பன் டை ஆக்ஸைடின் திடவடிவம். நம்மைச் சுற்றியுள்ள அழுத்தத்தில் அதற்குத் திரவ நிலையே கிடையாது. ஐந்து மடங்கு அழுத்தமாவது இருந்தால்தான் உருகும். மைனஸ் 78 டிகிரியில் நேராகப் புகைந்து போகும். உருகும் விலையையும் ஆவியாகும் விலையையும் ஒரே தவணையில் கட்டுவதால், கிலோவுக்குக் கிலோ நம் ஐஸைவிட அதிகக் குளிர்ச்சி தரும், ஈரமும் மிஞ்சாது. ஆனால் மூடிய வேனில் அதை வைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்திவிட்டுப் போகக் கூடாது, காற்றைத் தள்ளிவிட்டு அது உட்கார்ந்துகொள்ளும்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆவியாக்கல் நடக்கும் இடம் இன்னும் வடக்கே, காமராஜர் துறைமுகத்தில் (மேலே சொன்ன எண்ணூர் துறைமுகம்தான்). 2019-லிருந்து அங்கே இயற்கை எரிவாயு மைனஸ் 162 டிகிரியில் திரவமாகக் கப்பலில் வந்து இறங்குகிறது. வாயுவாக இருந்தால் பிடிக்கும் இடத்தில் அறுநூறில் ஒரு பங்கு. குழாயில் அனுப்ப மறுபடி வாயுவாக்க வேண்டும், அதற்குச் சூடு வேண்டும். இப்படிப்பட்ட முனையங்கள் பலவற்றில் அந்தச் சூட்டைக் கடல் நீரிடமிருந்துதான் எடுக்கிறார்கள், குளிர்ந்த நீர் திரும்பக் கடலுக்குப் போகும். ஒரு கிலோ திரவ எரிவாயு வாயுவாகிச் சாதாரணச் சூட்டுக்கு வருவதற்குள் எடுத்துக்கொள்ளும் சூடு, ஏறக்குறைய ஒன்றரை கிலோ ஐஸ் செய்யப் போதும். முனையத்தின் கொள்ளளவு ஆண்டுக்கு 50 லட்சம் டன்.

அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குள் காசிமேடு. அங்கே கரண்ட் பில் கட்டி, கம்ப்ரஸர் ஓட்டி, அம்மோனியா நெடியில் நின்று ஐஸ் செய்கிறோம். ஜப்பானில் இந்தக் குளிரை வீணாக்காமல் குளிர்பதனக் கிடங்குக்கும் உலர் பனிக்கட்டிக்கும் பயன்படுத்துகிறார்கள். இங்கே ஏன் கூடாது என்று சித்தப்பாவிடம் கேட்டேன். குளிரைக் குழாயில் இருபது கிலோமீட்டர் கொண்டுவந்தால் வழியிலேயே பாதி போய்விடும் என்றார். அது சரி. ஃபேக்டரியை அங்கே கொண்டுபோகலாமே என்றேன்.

"போலாம். ஐஸ லாரியில இங்க கொண்டாரணும். எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரிக்கு நடுவுல நிக்கிறதுக்குள்ள தண்ணியாப் பூடும்."

ராத்திரி ஓட்டலாம் என்பது என் கட்சி. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.